திரும்ப அழைக்கப்படும் கார்கள்: உரிமையாளரைத் தேடும் நியூசிலாந்து

விற்பனை செய்யப்பட்ட ஒரு காரில் பாதுகாப்புக் குறை இருப்பது பின்னர் தெரியவந்தால், அதைத் தயாரித்த நிறுவனம் அந்த ரகக் கார்கள் அனைத்தையும் திரும்ப அழைத்து, கட்டணம் ஏதுமின்றிப் பழுதைச் சரிசெய்து தருவது இன்று உலகின் பல நாடுகளில் வழக்கமாக உள்ளது. தளர்ந்துபோன ஒரு திருகாணி முதல், உயிரைப் பறிக்கக்கூடிய காற்றுப்பை வரை இதற்கான காரணங்கள் பலவாகும்.

ஆனால் பழுதைச் சரிசெய்வதைவிட, பழுதுள்ள கார் இப்போது யாரிடம் இருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் பெரும் சவால் என்பதை நியூசிலாந்தின் அனுபவம் காட்டுகிறது. ஜப்பானில் ஓடி முடித்த கார்கள் ஆக்லாந்துத் துறைமுகம் வழியாகப் பெருமளவில் வந்து இறங்கும் அந்நாட்டில், காரைத் தயாரித்தவருக்கும் அதை ஓட்டுபவருக்கும் இடையே நேரடித் தொடர்பு ஏதும் இல்லாத நிலை பல ஆண்டுகளாக நீடித்து வருகிறது.

எளிதாக முடியும் திரும்ப அழைப்பு

திரும்ப அழைப்பு என்பது எவ்வாறு நடக்க வேண்டும் என்பதற்கு அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் 2021 ஆம் ஆண்டில் எடுத்த நடவடிக்கை ஒரு நல்ல உதாரணமாகும். 2016 முதல் 2019 வரையிலான எக்ஸ்ப்ளோரர் ரகக் கார்களில், கூரையின் இருபுறமும் நீளவாக்கில் அமைந்துள்ள கேரியர் கம்பிகளின் மூடிகள் தளர்ந்து, ஓடும்போதே கழன்று விழக்கூடும் என்று கண்டறியப்பட்டது. வட அமெரிக்காவில் சுமார் 6 லட்சத்து 60 ஆயிரம் கார்களை அந்நிறுவனம் திரும்ப அழைத்தது.

கேட்பதற்கு இது சிறிய விடயமாகத் தோன்றலாம். ஆனால் நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் காரிலிருந்து கழன்று பறக்கும் ஒரு பாகம், பின்னால் வரும் மோட்டார் சைக்கிள் ஓட்டுநருக்கோ, மற்றொரு காரின் முன்கண்ணாடிக்கோ பேராபத்தாக முடியக்கூடும். ஆபத்து காரின் உரிமையாளருக்கு அல்ல, அவருக்குப் பின்னால் வருபவருக்கு என்பதால், உரிமையாளரின் விருப்பத்துக்கு இதனை விட்டுவிட முடியாது.

இதற்கான தீர்வும் எளிமையானதாகவே இருந்தது. அந்த மூடிகளைக் கூடுதல் பிடிப்பு ஊசிகள் கொண்டு இறுக்குவதும், சேதமடைந்த கவ்விகளை மாற்றுவதுமே பணிமனைகள் செய்ய வேண்டிய வேலை. இத்தகைய வேலைக்காகக் கார் நீண்ட நாட்கள் பணிமனையில் கிடக்க வேண்டியதில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்தக் கார்கள் வட அமெரிக்காவிலேயே புதிதாக விற்கப்பட்டவை. ஒவ்வொரு காரின் அடையாள எண்ணும் நிறுவனத்திடம் உள்ளது. அந்த எண்ணுக்குரிய தற்போதைய உரிமையாளரின் முகவரி அரசுப் பதிவேட்டில் உள்ளது. இரண்டையும் இணைத்தால் கடிதம் உரியவரைச் சென்றடைந்துவிடும். நியூசிலாந்தில் இந்தச் சங்கிலிதான் பாதி வழியில் அறுந்துபோகிறது.

ஜப்பானில் இருந்து ஆக்லாந்து வரை

நியூசிலாந்தில் ஒரு காலத்தில் கார்களின் பாகங்களை இறக்குமதி செய்து பொருத்தும் ஆலைகள் பல இயங்கி வந்தன. ஆக்லாந்தின் தெற்கே விரி பகுதியில் இருந்த நிசான் ஆலையும் அவற்றுள் ஒன்று. 1980களின் பிற்பகுதியில் பழைய கார்களின் இறக்குமதிக்கான கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. 1998 ஆம் ஆண்டில் கார்கள் மீதான இறக்குமதித் தீர்வை முற்றாக நீக்கப்பட்டதோடு எஞ்சியிருந்த ஆலைகளும் மூடப்பட்டன.

ஜப்பானிலும் நியூசிலாந்திலும் வாகனங்கள் சாலையின் இடதுபுறமே செல்கின்றன. எனவே ஸ்டீயரிங் வலதுபுறம் அமைந்த ஜப்பானியக் கார்களை எந்த மாற்றமும் இன்றி நியூசிலாந்தில் ஓட்ட முடியும். ஜப்பானில் கார்களுக்கான கட்டாயத் தகுதிச் சோதனை செலவு மிக்கது என்பதால், சில ஆண்டுகள் ஓடிய நல்ல கார்களையே அங்குள்ளவர்கள் விற்றுவிடுகின்றனர். ஏலக்கூடங்களில் வாங்கப்படும் இக்கார்கள் கப்பல் கப்பலாக ஆக்லாந்து வந்து சேர்கின்றன. நகரின் மையப் பகுதியை ஒட்டிய துறைமுக மேடைகளில் அவை வரிசையாக நிற்பதை ஆக்லாந்துவாசிகள் நன்கு அறிவர்.

2018 ஆம் ஆண்டு வாக்கில் நியூசிலாந்துச் சாலைகளில் ஓடிய இலகுரக வாகனங்களில் ஏறத்தாழ பாதி, இவ்வாறு வேறு நாட்டில் முதலில் பயன்படுத்தப்பட்டுப் பின்னர் இறக்குமதியானவையே. இந்தியா, இலங்கை, ஃபிஜி ஆகிய நாடுகளில் இருந்து சென்று ஆக்லாந்தில் குடியேறியவர்கள் உட்பட, புதிதாக வாழ்க்கையைத் தொடங்கும் பல குடும்பங்களுக்கு முதல் கார் என்பது இத்தகைய கார்தான். விலை குறைவு, உழைப்பு அதிகம் என்பது அதன் சிறப்பு.

அடையாளம் மாறும் கார்

ஜப்பானின் உள்நாட்டுச் சந்தைக்கென்று தயாரிக்கப்படும் கார்களுக்கு, சர்வதேச அளவில் வழங்கப்படும் 17 இலக்க அடையாள எண் இருப்பதில்லை. அவற்றின் உடற்சட்டத்தில் பொறிக்கப்பட்ட, அதைவிடக் குறுகிய ஓர் எண்ணே அவற்றின் அடையாளமாகும். அத்தகைய கார் நியூசிலாந்துக்கு வந்ததும், உள்ளூர்ப் பதிவுக்காக அதற்கு 17 இலக்கங்கள் கொண்ட புதிய எண் ஒதுக்கப்படுகிறது.

தயாரிப்பு நிறுவனம் ஜப்பானில் வெளியிடும் திரும்ப அழைப்புப் பட்டியலில் இருப்பது பழைய எண். நியூசிலாந்துப் பதிவேட்டில் உரிமையாளரின் பெயரும் முகவரியும் இணைக்கப்பட்டிருப்பது புதிய எண்ணுடன். இரண்டையும் பொருத்திப் பார்க்காதவரை, காரைத் தேடும் நிறுவனத்துக்குக் கார் கிடைக்காது, காரை ஓட்டுபவருக்கு அறிவிப்பும் கிடைக்காது.

மற்றொரு சிக்கல் பொறுப்பு யாருடையது என்பது. புதிய காரை விற்றிருந்தால், அந்த நிறுவனத்தின் நியூசிலாந்துப் பிரதிநிதி அதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் பழைய காரைக் கொண்டுவந்தவர் ஒரு தனி இறக்குமதியாளர். அவர் அந்தக் காரைத் தயாரிக்கவில்லை, அதன் உதிரிப் பாகங்களும் அவரிடம் இல்லை. அவர் தொழிலை மூடிவிட்டுச் சென்றிருக்கவும் கூடும். அந்தப் பிரதிநிதியைப் பொறுத்தவரையோ, தாம் விற்காத காருக்காக அவர் செலவு செய்ய வேண்டியிருக்கிறது.

காற்றுப்பையால் வந்த நெருக்கடி

இந்தச் சிக்கலின் முழுப் பரிமாணத்தையும் வெளிப்படுத்தியது ஜப்பானின் தகாட்டா நிறுவனம் தயாரித்த காற்றுப்பைகள் தொடர்பான விவகாரமாகும். வாகன வரலாற்றிலேயே மிகப் பெரிய திரும்ப அழைப்பாக இது கருதப்படுகிறது.

விபத்தின்போது காற்றுப்பை கண் இமைக்கும் நேரத்துக்குள் விரிய வேண்டும். இதற்காக ஒரு சிறிய உலோகக் குப்பிக்குள் அடைக்கப்பட்டுள்ள வேதிப்பொருள் எரிந்து வாயுவை உருவாக்குகிறது. தகாட்டா நிறுவனம் இதற்கு அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. வெப்பமும் ஈரப்பதமும் மாறி மாறித் தாக்கும்போது, ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த வேதிப்பொருள் சிதைவடைகிறது. அவ்வாறு சிதைந்தது தீப்பற்றும்போது, எதிர்பார்க்கப்பட்டதைவிட வேகமாக எரிந்து உலோகக் குப்பியையே வெடிக்கச் செய்கிறது. ஓட்டுநரைக் காப்பாற்ற வேண்டிய பை, கூரிய உலோகத் துண்டுகளை அவரது முகத்திலும் கழுத்திலும் பாய்ச்சுகிறது.

2008 ஆம் ஆண்டு நவம்பரில் ஹோண்டா நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 4,000 கார்களைத் திரும்ப அழைத்ததில் இது தொடங்கியது. பின்னர் பல நிறுவனங்களின் கார்களுக்கும் பரவி, அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம் காற்றுப்பைக் குப்பிகளையும், உலக அளவில் சுமார் 10 கோடிக் குப்பிகளையும் மாற்ற வேண்டிய நிலை ஏற்பட்டது. அமெரிக்காவில் குறைந்தது 28 பேர் இதனால் உயிரிழந்ததை அந்நாட்டு அதிகாரிகள் உறுதி செய்துள்ளனர். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த மலேசியாவிலும் உயிரிழப்புகள் நேர்ந்தன.

2017 ஜனவரியில் தகாட்டா நிறுவனம் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 100 கோடி டாலர் செலுத்த இணங்கியது. அதே ஆண்டு ஜூனில் அது திவால் பாதுகாப்புக் கோரியது.

இவற்றுள் 2000களின் முற்பகுதியில் தயாரிக்கப்பட்ட 'ஆல்ஃபா' என்று அழைக்கப்படும் வகை மிகவும் ஆபத்தானது. அத்தகைய குப்பிகள் பொருத்தப்பட்ட சில ஹோண்டா கார்களில், காற்றுப்பை விரியும்போது குப்பி வெடிக்கும் வாய்ப்பு 50 சதவீதம் வரை இருப்பதாகச் சோதனைகள் காட்டுவதாக அமெரிக்க அதிகாரிகள் 2016 ஆம் ஆண்டில் எச்சரித்தனர். பழைய காராக இருந்தால் ஆபத்து அதிகம் என்பதே இதன் பொருள். ஜப்பானில் இருந்து நியூசிலாந்துக்கு வந்து சேர்ந்தவையும் பழைய கார்களே.

அரசாங்கத்தின் கட்டாய உத்தரவு

அண்டை நாடான ஆஸ்திரேலியாவில், சிட்னி நகரில் 2017 ஜூலையில் தகாட்டா காற்றுப்பை வெடித்து ஒருவர் உயிரிழந்தார். அதன் பின்னர் 2018 பிப்ரவரி இறுதியில் ஆஸ்திரேலிய அரசாங்கம் கட்டாயத் திரும்ப அழைப்பை அறிவித்தது. சில வாரங்களில் நியூசிலாந்தும் அதே வழியைப் பின்பற்றியது.

2018 ஏப்ரலில், அப்போதைய நுகர்வோர் விவகார அமைச்சர் கிறிஸ் ஃபாஃபோய், 1986 ஆம் ஆண்டின் நியாயமான வர்த்தகச் சட்டத்தின் கீழ் உத்தரவு பிறப்பித்தார். ஆல்ஃபா வகைக் காற்றுப்பைகள் உள்ள சுமார் 50,000 வாகனங்களில் அவற்றை 2019 டிசம்பர் 31க்குள் மாற்றித் தர வேண்டும் என்று அதில் கூறப்பட்டது. அத்தகைய காற்றுப்பைகளுடன் கூடிய கார்கள் புதிதாக நாட்டுக்குள் கொண்டுவரப்படுவதும் தடுக்கப்பட்டது.

இந்தச் சட்டத்தின்படி, ஒரு நிறுவனம் தானாக முன்வந்து பொருளைத் திரும்ப அழைத்தால் இரண்டு வேலை நாட்களுக்குள் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். பெரும்பாலான திரும்ப அழைப்புகள் இவ்வாறே நடக்கின்றன. கட்டாயப்படுத்தும் அதிகாரத்தை அமைச்சர்கள் அபூர்வமாகவே பயன்படுத்துகின்றனர். தானாக முன்வரும் நிறுவனம் தான் விற்ற காரை மட்டும் கணக்கில் கொள்ளலாம். யார் இறக்குமதி செய்திருந்தாலும், ஆபத்தான பாகம் உள்ள கார் என்றால் அது மாற்றப்பட்டாக வேண்டும் என்ற நிலையை உருவாக்க அரசின் உத்தரவு தேவைப்பட்டது.

எல்லையில் ஒரு காரைத் தடுப்பது நியூசிலாந்துக்குப் புதிதல்ல. அதே 2018 பிப்ரவரியில், ஜப்பானில் இருந்து கார்களை ஏற்றிக்கொண்டு ஆக்லாந்தை நோக்கி வந்த கப்பல்கள் சிலவற்றில், பயிர்களை நாசம் செய்யும் நாற்றப்பூச்சிகள் காணப்பட்டதால் அவை திருப்பி அனுப்பப்பட்டன. பூச்சி கண்ணுக்குத் தெரியும். ஸ்டீயரிங் சக்கரத்துக்குள் இருக்கும் உலோகக் குப்பியின் நிலை யாருக்கும் தெரியாது. காரின் எண்ணை வைத்து ஆவணங்களில் தேடித்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஏன் சிலர் வருவதில்லை

பணம் கட்ட வேண்டியதில்லை என்றபோதிலும், திரும்ப அழைக்கப்படும் கார்கள் அனைத்தும் பணிமனைக்கு வந்து சேர்வதில்லை. உலகெங்கும் இதுவே நிலை. இதற்குப் பல காரணங்கள் கூறப்படுகின்றன.

கார் பழையதாக ஆக அது கைமாறிக்கொண்டே இருக்கிறது. வாடகை வீடுகளில் வசிப்பவர்கள் அடிக்கடி இடம் மாறுகின்றனர். பதிவேட்டில் முகவரியை மாற்ற மறந்துவிட்டால், கடிதம் முன்னர் குடியிருந்த வீட்டுக்கே போய்ச் சேரும். வந்த கடிதத்தையும் விளம்பரம் என்றோ மோசடி என்றோ எண்ணிக் குப்பையில் போடுபவர்கள் உண்டு. ஆங்கிலத்தில் மட்டும் வரும் தொழில்நுட்பக் கடிதத்தின் அவசரம், அம்மொழியில் பழக்கம் குறைந்தவர்களுக்குப் புரியாமலும் போகலாம்.

நாள் கூலிக்கு வேலை செய்பவர் அரை நாள் விடுப்பு எடுத்துக் காரைப் பணிமனையில் விடுவது எளிதல்ல. பழுதுபார்ப்பு இலவசம் என்றாலும், இழந்த நேரத்துக்கு ஈடு இல்லை. இவ்வாறு பார்த்தால், மிகப் பழைய காரை வைத்திருப்பவர்தான் மிக அதிக ஆபத்தில் இருக்கிறார். அவரைத்தான் அறிவிப்பும் மிகக் கடினமாகச் சென்றடைகிறது.

கார்களின் சாலைத் தகுதிச் சோதனை இதைக் கண்டுபிடித்துவிடாதா என்ற கேள்வி எழலாம். நியூசிலாந்தில் குறிப்பிட்ட கால இடைவெளியில் நடக்கும் இச்சோதனையில் டயர், பிரேக், விளக்கு, இருக்கைப் பட்டி போன்றவை பார்க்கப்படுகின்றன. ஆனால் அது பாகங்களைக் கழற்றாமல் செய்யும் சோதனை. மூடிய குப்பிக்குள் இருக்கும் வேதிப்பொருளின் நிலையை அதன் மூலம் அறிய முடியாது. சோதனையில் தேறிய கார் என்பதால் திரும்ப அழைப்பில் இல்லாத கார் என்று பொருளாகாது.

தனியாக வாங்கிப் பொருத்தும் பாகங்கள்

கூரை மேல் கேரியர் போன்றவற்றில் இன்னுமொரு இடைவெளி உள்ளது. கார் தயாரிக்கப்பட்டபோதே அதனுடன் வந்த கேரியர் என்றால், காரின் எண்ணைக் கொண்டு அதைத் தேடலாம். ஆனால் சைக்கிள், படகு, விடுமுறைக்கான மூட்டைகள் ஆகியவற்றை ஏற்றுவதற்காகக் கடையில் தனியாக வாங்கிப் பொருத்திய கேரியராக இருந்தால், எந்தக் காரில் அது இருக்கிறது என்ற பதிவு எங்கும் இருக்காது. காரின் பதிவெண்ணைக் கொண்டு தேடினாலும் அது தென்படாது.

இத்தகைய பொருட்களைப் பொறுத்தவரை, கேரியரின் பெயரையும் மாதிரி எண்ணையும் குறித்து வைத்துக்கொண்டு, பொருட்களுக்கான திரும்ப அழைப்பு அறிவிப்புகளில் பார்ப்பதே வழி. மேலும், தயாரிப்புக் குறை ஏதும் இல்லாதபோதும் அதிர்வினால் போல்ட்டுகள் தளர்வது இயல்பு. தயாரிப்பாளர் குறிப்பிட்டுள்ள அளவுக்கு அவற்றை இறுக்க வேண்டும். முதல் முறை சுமை ஏற்றிச் சிறிது தூரம் சென்றதும் நிறுத்தி மீண்டும் சரிபார்ப்பது நல்லது.

இந்தியாவிலும் இலங்கையிலும்

இந்தியாவில் நீண்ட காலமாகத் திரும்ப அழைப்பு என்பது நிறுவனங்களின் விருப்பத்தைப் பொறுத்ததாகவே இருந்தது. வாகன உற்பத்தியாளர்கள் 2012 ஆம் ஆண்டில் தாமாகவே ஒரு நடைமுறையை வகுத்துக்கொண்டனர். 2019 ஆம் ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்ட பிறகே, கட்டாயப்படுத்தும் அதிகாரம் அரசுக்குக் கிடைத்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தன. ஆனால் ஏழு ஆண்டுகளுக்கு உட்பட்ட வாகனங்களுக்கே இவ்விதிகள் பொருந்தும். பல கைகள் மாறிய பழைய கார்கள் இதன் வரம்புக்கு வெளியே நிற்கின்றன.

நிறுவனங்கள் தாமாக முன்வந்து செய்பவை அங்கு தொடர்கின்றன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ராயல் என்ஃபீல்டு, 2021 மே மாதத்தில் மின்பொறிச் சுருள் குறை காரணமாக 2,36,966 மோட்டார் சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது இதற்கு ஓர் உதாரணம்.

இலங்கையின் நிலை நியூசிலாந்துக்கு மிக நெருக்கமானது. அங்கும் வாகனங்கள் இடதுபுறம் செல்கின்றன. அங்கும் ஜப்பானில் ஓடிய, 'ரீகண்டிஷன்' என்று அழைக்கப்படும் கார்களே நடுத்தரக் குடும்பங்களின் விருப்பமாக உள்ளன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர், தனியார் வாகனங்களுக்கு 2025 பிப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இறக்குமதி நின்றிருந்த ஆண்டுகளில் இருந்த கார்களே மேலும் பழையவையாகின. வெப்பமும் ஈரப்பதமும் நிறைந்த அந்நாட்டுத் தட்பவெப்பம் காற்றுப்பைகளைப் பொறுத்தவரை சாதகமானதல்ல.

உரிமையாளர்கள் செய்யக்கூடியது

பழைய ஜப்பானியக் காரை வைத்திருப்பவர்களும், வாங்க எண்ணுபவர்களும் செய்யக்கூடியவை சில உள்ளன. நியூசிலாந்தில், அரசின் 'ரைட்கார்' இணையதளத்தில் காரின் பதிவெண்ணைக் கொடுத்து விவரங்களைப் பார்க்கலாம். பதிவேட்டில் தமது முகவரி சரியாக உள்ளதா என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். மற்ற நாடுகளில் இருப்பவர்கள், காரின் உடற்சட்டத்தில் பொறிக்கப்பட்ட ஜப்பானிய எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த நிறுவனத்தின் உள்ளூர்ப் பிரதிநிதியிடம் விசாரிக்கலாம். உள்ளூரில் வழங்கப்பட்ட பதிவெண் மட்டும் இதற்குப் போதாது.

வாங்கும்போது, முந்தைய திரும்ப அழைப்புகளுக்கான வேலைகள் முடிந்துள்ளனவா என்று விற்பவரிடம் எழுத்துமூலம் கேட்பதும், விபத்துக்குள்ளான கார்களில் இருந்து கழற்றப்பட்ட பழைய காற்றுப்பைகளைப் பொருத்தாமல் இருப்பதும் அவசியம் என்று கூறப்படுகிறது.

தகாட்டா நிறுவனம் இன்று அந்தப் பெயரில் இயங்கவில்லை. அதன் சொத்துகளில் பெரும்பகுதி 2018 ஆம் ஆண்டில் வேறொரு நிறுவனத்தின் கைக்குச் சென்றுவிட்டது. அது தயாரித்த குப்பிகளில் மாற்றப்படாதவை இன்னும் பல நாடுகளின் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஆண்டுக்கு ஆண்டு அவை மேலும் பழையவையாகின்றன. ஜப்பானிய எண்ணையும் உள்ளூர் எண்ணையும் இறக்குமதியின்போதே ஒரே பதிவேட்டில் இணைத்து வைப்பதும், கார் கைமாறும் ஒவ்வொரு முறையும் நிலுவையில் உள்ள திரும்ப அழைப்பைப் புதிய உரிமையாளருக்குத் தெரிவிப்பதும், பழைய கார்களை நம்பியிருக்கும் நாடுகள் அடுத்து எடுக்க வேண்டிய நடவடிக்கைகளாக உள்ளன.